கொம்புத் தேன்

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்று ஒரு பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகிறது. சிறுமலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கொம்புத் தேன் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உயரத்திலே இருக்கும், ஏறத் தெரிந்தவனுக்கே கிட்டும். அதைக் கீழேயிருந்து பார்த்து நாவில் நீர் ஊற நிற்பவனைக் கேலி செய்யத்தான் இந்தப் பழமொழி பிறந்தது.

இதைச் சொன்னவன் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. கால் உள்ளவன்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏணி ஒன்று செய்து வைத்தால் தேன் எல்லோருக்கும் எட்டுமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆசைப்படாதே, உன் தகுதி இவ்வளவுதான், அடங்கிக் கிட என்பதே அவன் தரும் போதனை. பஞ்சமன் கோயிலுக்குள் வர ஆசைப்படலாமா, சூத்திரன் படிக்க ஆசைப்படலாமா, பெண் சொத்துரிமைக்கு ஆசைப்படலாமா என்று கேட்ட அதே வாய்தான் இதையும் கேட்டது. ஆகவே நம் இயக்கத்தவர் இந்தப் பழமொழியை மேடையிலே எடுத்தாளும்போது சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இன்றைய வரலாற்றைத் தொடங்குகிறோம்.

கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டு, அதை எட்டியும் எடுத்து, தம்மைப் போன்றவர்களுக்கு ஏணியும் கட்டி வைத்த ஒரு பெண்மணியின் வரலாறு இது. அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் மருத்துவமனையிலே பணியாற்றியவர். 1986-ஆம் ஆண்டு மறைந்தவர்.

வேலூரிலே வாழ்ந்த ஒரு மருத்துவரைப் பற்றித் திண்டுக்கல்லிலிருந்து எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நமக்கும் வேலூருக்கும் தோலால் உறவு உண்டு. அங்கேயும் தோல் பதனிடும் தொழில். இங்கேயும் அதே தொழில். அதைவிட நெருங்கிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் சமவெளியில் மனிதன் எப்படியெல்லாம் விழுகிறான் என்பதை நாம் அறிவோம். நிலக்கோட்டைப் பக்கம் தென்னையிலிருந்து விழுகிறான். வறண்ட வேடசந்தூர்ச் சீமையிலே, நூறடி ஆழத்துக்கு வெட்டிக்கொண்டே போகிற கிணற்றுக்குள் விழுகிறான். கட்டடச் சாரத்திலிருந்து சித்தாள் விழுகிறாள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலே மூட்டையோடு லாரியிலிருந்து சரிகிறான் லோடுமேன். கை ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான். முதுகெலும்பு நொறுங்கி, அதனுள்ளே ஓடுகிற தண்டுவடம் நசுங்கிவிட்டால்? அந்தத் தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மூளையின் கட்டளை கால்களுக்குப் போவதும், காலின் வலி மூளைக்கு வருவதும் அந்த ஒரு வழியாகத்தான். அது அறுந்தால் அறுந்ததுதான். ஒட்ட வைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

அப்படி விழுந்தவனை அந்நாளில் என்ன செய்தார்கள்? கட்டிலிலே போட்டார்கள். தலையெழுத்து என்றார்கள். முன் ஜென்மத்துப் பாவம் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று இன்னொருவர் தலையாட்டினார். உணர்ச்சியற்ற இடுப்பிலே, அசையாமல் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால், படுக்கைப்புண் வைக்கும். அவனுக்கு வலிக்காது, ஆகவே தெரியாது. எலும்பு தெரியும்வரை அது குழியாகும். சிறுநீர் தானாக வெளியேறாமல் தேங்கும், காய்ச்சல் வரும், சிறுநீரகம் கெடும். சில மாதங்களிலோ, ஓராண்டிலோ கதை முடிந்துவிடும். பாவம் பழி வாங்கிவிட்டது என்பார்கள். உண்மையிலே அவனைக் கொன்றது பாவமல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அதுதான் கொன்றது.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு மே மாதம் கொச்சியை அடுத்த செராய் என்னும் ஊரில், வசதி படைத்த சிரியன் கிறித்தவக் குடும்பத்திலே பிறந்தார். எர்ணாகுளத்திலே கல்லூரிப் படிப்பு. பிறகு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்று 1918-இல் தொடங்கிய வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்து மருத்துவம் பயின்றார். மகப்பேறு மருத்துவத்திலே தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இதுவரையிலே, படித்த நல்ல குடும்பத்துப் பெண் ஒருவரின் கதைதான்; நாம் எழுத வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

1954 ஜனவரியில் மருத்துவ நண்பர்கள் சிலரோடு அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முன்னே போன பேருந்தை முந்தப் பார்த்ததுதான் காரணம். கன்னத்து எலும்பு நொறுங்கி முகம் கிழிந்தது. முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அறவே போயின. வயது 28.

தோழர்களே, அந்த வண்டியிலே இருந்தது ஒரு கிணறு வெட்டும் தொழிலாளியாக இருந்திருந்தால், நாம் மேலே சொன்ன கட்டில் கதைதான். மேரிக்கு வாய்த்த நல்வாய்ப்பு அவர் விழுந்த இடம். தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே படுக்கையும், புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த தாதியரும், நிமிர்ந்து உட்காரும்படி முதுகெலும்பைச் சேர்த்து இறுக்கிக் கட்ட ஓர் அறுவை நிபுணரும் அவருக்கு இருந்தார்கள். மனவலிமை, மனவலிமை என்று அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் உண்டு. அந்த வலிமையை நாமும் மறுக்கவில்லை. ஆனால் மனவலிமை படைத்தவர்கள் வேடசந்தூர் வட்டாரத்திலும் இருந்தார்கள். படுக்கைப்புண் அவர்களை ஓராண்டிலே தின்றுவிட்டது. இந்த வேறுபாட்டை மேரி வர்கீஸ் அம்மையாரே நன்றாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று.

அந்த அறுவை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையிலே பாதிரிமார் குடும்பத்தில் 1914-இல் பிறந்து, மலைவாழ் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த வெள்ளைக்காரர். அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனெனில் மேரியின் கையிலே மீண்டும் கத்தியைக் கொடுத்தவர் அவர்தான்.

குட்டநோய் வந்தவனுக்கு விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நம்பி வந்தது. இல்லை என்று கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் பிராண்ட். நோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறான், ஆணியை மிதித்துக்கொண்டே நடக்கிறான், காயம் புரையோடி விரல் தேய்கிறது. இதிலே சாபமும் இல்லை, தெய்வ குற்றமும் இல்லை. விரல்கள் மடங்கி நகம் போல வளைந்து போவதற்கும் காரணம் எளிது. கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்து விடுகின்றன. முழங்கைக்குக் கீழே உள்ள தசைகளிலே சில நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, வேறு வழியாகத் திருப்பி விரலிலே தைத்துவிட்டால், மடங்கிய விரல் நிமிரும். பிறகு பல வாரம் பயிற்சி கொடுத்தால் அவன் கரண்டி பிடிப்பான், உளி பிடிப்பான்.

இப்படி முதன்முதலாகக் கை நிமிர்ந்து வெளியே போனவர்களிலே சிலர் திரும்பி வந்து பிராண்டிடம் முறையிட்டார்கள். கை கோணலாக இருந்தவரை பிச்சை விழுந்தது. இப்போது கை நேராகிவிட்டது, பிச்சையும் இல்லை. குட்டரோகி என்பதால் வேலையும் இல்லை. சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு அறுவைக் கத்தி பதில் சொல்லாது. அதனால்தான் 1951-இல் வேலூரிலே நவஜீவ நிலையம் என்ற ஒன்றைத் தொடங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்தலும் கற்றுக் கொடுத்தார்கள். உடம்பைச் சரிசெய்வது பாதி வேலை. உழைத்துச் சம்பாதிக்க இடம் செய்து கொடுப்பது மறுபாதி. அந்த மறுபாதி மருத்துவமனைக்கு வெளியே, சமுதாயத்தின் கையிலே இருக்கிறது.

சமுதாயத்தின் கை எப்படி இருந்தது? 1898-ஆம் ஆண்டிலே வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. பிச்சை எடுத்துப் பிழைக்கும் ஏழைக் குட்டரோகியைப் போலீசார் கைது செய்து அடைத்து வைக்கலாம் என்பது அச்சட்டம். ஏழைக் குட்டரோகி என்று எழுதியிருந்ததைக் கவனிக்க வேண்டும். அதே நோய் சீமானுக்கு வந்தால் அவன் தன் மாளிகையிலே இருந்துகொள்ளலாம்! கிருமிக்கு இல்லாத வர்க்க பேதம் சட்டத்துக்கு இருந்தது. வெள்ளையன் 1947-இலே போனான். அவன் எழுதிய இந்தச் சட்டம் நாட்டின் சட்டப் புத்தகத்திலிருந்து முற்றாக நீக்கப்பட்டது 2016-ஆம் ஆண்டிலேதான்.

இத்தகைய நோயாளிகளிடந்தான் மேரியை அனுப்பினார் பிராண்ட். கைக்குச் செய்யும் அறுவை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது; மருத்துவரின் காலுக்கு அங்கே வேலையில்லை. ஏற்பாடு மாறியது, ஆள் மாறவில்லை. சக்கர நாற்காலியிலே அமர்ந்து, வளைந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார் மேரி. முகத்திலே நீண்ட தழும்பு. இடுப்பிலே தாளாத வலி. உணர்வில்லாத உடம்பிலே வலி எப்படி வரும் என்று கேட்காதீர்கள். அறுந்த நரம்பு அப்படித்தான் பழிவாங்கும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

நோயாளிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரும் உறவும் ஒதுக்கியவர்கள். தொடுவதற்கு ஆளில்லாதவர்கள். அவர்கள் எதிரே ஒரு பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருகிறாள். அவளுக்குக் கால் உணராது. இவர்களுக்குக் கை உணராது. அவள் இவர்களுடைய கையைத் தன் கையிலே எடுத்துப் பார்க்கிறாள். நாற்காலியிலே இருப்பவளே டாக்டராக இருக்க முடியுமானால் நமக்கு ஏன் ஒரு பிழைப்பு இருக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியதாம். ஆயிரம் சொற்பொழிவு செய்ய முடியாததை அந்தச் சக்கர நாற்காலி செய்தது.

தம்மை இந்நிலைக்கு ஆளாக்கியதும் இதிலே பணி செய்ய வைத்ததும் ஆண்டவன் விருப்பம் என்று நம்பியவர் மேரி வர்கீஸ். நாம் பகுத்தறிவுக் கொள்கையினர். பேருந்தை முந்தப் பார்த்ததாலே வண்டி கவிழ்ந்தது என்பதே நம் கணக்கு. ஆனால் அவர் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு மூலையிலே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிராமல் எலும்பையும் நரம்பையும் ஆராயப் போனார். அதனால் அவரோடு நமக்குச் சண்டையில்லை.

குட்டநோயாளரின் கைகளோடு அவர் நின்றுவிடவில்லை. தம்மைப் போலத் தண்டுவடம் நைந்தவர்களுக்கு இந்நாட்டிலே ஒரு கூரைகூட இல்லையே என்பது அவரை உறுத்தியது. முதலில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே தாமே நோயாளியாகவும் மாணவராகவும் இருந்து, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கற்றார். பிறகு நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலே பயிற்சி பெற்றார்.

இங்கே அமெரிக்காவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அமெரிக்கா பணக்கார நாடு, ஆகவே அங்கே ஊனமுற்றோருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1921-லேயே நோயால் கால்கள் செயலிழந்தவர். நாற்காலியிலே உருண்டவர்தான் உலகப் போரை நடத்தினார். ஆனால் அந்த நாற்காலி படத்திலே விழாமல் பார்த்துக்கொண்டார்கள். தலைவன் நடக்க முடியாதவன் என்று மக்கள் கண்டால் மதிக்கமாட்டார்கள் என்ற அச்சம். அவருடைய ஆட்சியிலேயே, 1935-இல், பஞ்ச காலத்து அரசு வேலைகளிலே ஊனமுற்றோருக்கு இடமில்லை என்று அவர்களுடைய தாளிலே முத்திரை குத்தி அனுப்பினார்கள். நியூயார்க்கிலே ஊன்றுகோலும் இரும்புப் பட்டையும் தாங்கிய சில இளைஞர்கள் நிவாரண அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வேலை கொடுக்காமல் எழுந்திருக்கமாட்டோம் என்றார்கள். நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள், வெளியே ஆதரவாளர்கள் மறியல் செய்தார்கள். இறுதியில் பல நூறு பேருக்கு வேலை கிடைத்தது.

ரஸ்க் என்னும் அந்த மருத்துவர் இரண்டாம் உலகப் போரிலே விமானப்படையில் பணியாற்றியவர். முதல் உலகப் போரிலே தண்டுவடம் அடிபட்ட வீரர்களிலே மிகப் பெரும்பாலோர் நம் ஊர்க் கட்டில்காரனைப் போலவே விரைவில் மாண்டார்கள். இரண்டாம் போரிலே பென்சிலின் வந்துவிட்டது, பிழைத்தார்கள். பிழைத்தவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவனின் கடமை முடியாது. அவனைத் தன் வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்புவது வரைக்கும் அது நீளும் என்று வாதாடினார் ரஸ்க். உடன் இருந்த மருத்துவர்களே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்காமல் கேட்டவர்கள் யார் தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கம். 1946-ஆம் ஆண்டு ஜான் லூயிஸ் என்ற தலைவரின் கீழ் வேலைநிறுத்தம் செய்து, வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் முதலாளிகள் 5 சென்ட் வீதம் தொழிலாளர் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் என்ன செய்தது? அப்பலாச்சிய மலைக் கிராமங்களிலே, சுரங்கக் கூரை இடிந்து முதுகு முறிந்து, ஆண்டுக்கணக்கிலே படுக்கையில் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்து, ரயிலேற்றி, ரஸ்கிடமும் அவரைப் போன்ற மருத்துவர்களிடமும் அனுப்பியது. புண்ணோடும் எலும்புக்கூடாகவும் போனவர்களிலே பலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோ, கோலூன்றி நடந்தோ திரும்பினார்கள். மேரி வர்கீஸ் கற்றுக்கொண்டு வந்த அந்த மருத்துவக் கலை, சுரங்கத் தொழிலாளியின் ஐந்து சென்டிலே வளர்ந்த கலையுமாகும். அதை அவரைப் பற்றி எழுதுவோர் சொல்லுவதில்லை; நாம் சொல்லாவிட்டால் யார் சொல்லுவார்கள்?

மேரி அங்கே இருந்த நாளில் நியூயார்க் நடைபாதைகளின் விளிம்பிலே சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்வுப் பாதை கிடையாது. ஒரு சாண் உயரப் படி, ஒரு மலைக்குச் சமம். மருத்துவம் வந்துவிட்டது, உரிமை வரவில்லை. அது வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1973-இலே சட்டத்தில் ஒரு பிரிவு எழுதினார்கள். எழுதிவிட்டு, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளிலே கையெழுத்துப் போடாமல் நான்கு ஆண்டு இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலிலே சான்பிரான்சிஸ்கோ நகரத்து அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் புகுந்து உட்கார்ந்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டது, அவர்கள் அசையவில்லை. கருஞ்சிறுத்தைக் கட்சியினர் அன்றாடம் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைநகருக்குச் சென்ற குழுவினருக்கு இயந்திரத் தொழிலாளர் சங்கம் லாரி பிடித்துக் கொடுத்தது. கறுப்பரும் தொழிலாளரும் ஊனமுற்றோரும் கைகோத்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் ஆன பிறகு, ஏப்ரல் 28-ஆம் நாள் கையெழுத்து விழுந்தது. தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1990 ஜூலையிலே வந்தது. அதற்கு முன்பு மார்ச்சு மாதத்தில், நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளிலே நாற்காலிகளை விட்டிறங்கித் தவழ்ந்து ஏறிக் காட்டினார்கள் பலர். சிறு குழந்தையும் அதிலே உண்டு. இவற்றையெல்லாம் பார்க்க மேரி இல்லை.

அவர் 1960-களின் தொடக்கத்திலே வேலூர் திரும்பி, உடலியல் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்குமான துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இலே, நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வேலூரை அடுத்த பாகாயத்திலே திறக்கப்பட்டது. இந்தியாவிலே அத்தகைய நிலையம் அதுவே முதலாவது. அவர் பெயரைத்தான் இன்று அது தாங்கியிருக்கிறது.

அங்கே நடக்கும் வேலை, பார்ப்பதற்கு அதிசயமாக இராது. படுக்கையிலே தானே புரளுவது. கண்ணாடியை வைத்துத் தன் முதுகைத் தானே பார்த்து, எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று காண்பது. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி நாற்காலிக்கு மாறுவது. வேளை தவறாமல் சிறுநீரைக் குழாய் வைத்து வெளியேற்றுவது. இந்தக் குழாயைப் பற்றி முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். தந்தை பெரியார் தம் இறுதி ஆண்டுகளிலே குழாயும் குடுவையுமாகத்தான் நாடெங்கும் சுற்றி, மேடைக்கு மேடை முழங்கினார். 1973 டிசம்பர் 24-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்ததும் வேலூரின் இதே மருத்துவமனையிலேதான். அவர் சுமந்த அதைச் சுமப்பதிலே யாருக்கும் இழிவில்லை.

நியூயார்க்கிலே கற்றதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நம் ஊரிலே நடக்காது. அங்கே வழவழப்பான தரை. இங்கே மண் தெரு, உயர்ந்த நிலைப்படி, குனிந்து போக வேண்டிய குடிசை வாசல். அங்கே உட்காரும் கழிப்பறை. இங்கே வெட்ட வெளி. ஆகவே அவனவன் போய்ச் சேர வேண்டிய வீட்டையும் ஊரையும் எண்ணித்தான் பழக்க வேண்டியிருந்தது. ஆணியடித்த கட்டைப் பலகையும் தாழ்வான உருளை வண்டியும் சில வேளைகளில் சீமை நாற்காலியைவிட மேலாக உதவும். பயிற்சி முடிந்து போகிறவனுக்கு என்ன தொழில் என்பதும் அங்கே கேட்டாக வேண்டிய கேள்வி. மரமேறியவன் இனி மரமேறப் போவதில்லை. தையலோ, பெட்டிக்கடையோ, கடிகாரம் பழுது பார்ப்பதோ, ஏதோ ஒன்று வேண்டும்.

1972-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருதைவிட, வேலூரைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களிலும் இத்துறையைத் தொடங்கினார்களே, அதைத்தான் நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேரியின் நிலையம் ஒரு தருமக் கட்டளையின் கருணையாலே எழுந்தது. கருணை நல்லது, ஆனால் அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. நம் நாட்டிலே தொழிலாளியின் உறுப்புக்குச் சட்டம் வைத்த விலை ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டமும் அதன் பின்னாள் திருத்தங்களும் தந்த அட்டவணையிலே, கட்டைவிரல் போனால் உழைக்கும் ஆற்றலிலே நூற்றுக்கு 30 போனதாகக் கணக்கு. பணம் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். அவனை மறுபடியும் வேலைக்குத் திருப்புவது அந்தக் கணக்கிலே வராது. அந்தப் பணமும் யாருக்கு? ஆலையிலே பேரேட்டில் பெயர் உள்ளவனுக்கு. அடுத்தவன் தோப்பிலே மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஏறியவன் எந்தப் பேரேட்டைக் காட்டுவான்?

இந்தக் கருணைக் கதையை உரிமைக் கதையாக மாற்றுவதிலே நம் கழக ஆட்சிகளுக்குப் பங்கு உண்டு. கலைஞர் ஆட்சியிலே 1971-இல், குட்டநோயால் தாக்குண்டு பிச்சை எடுத்துத் திரிந்தவர்களுக்கு அரசு மறுவாழ்வு இல்லங்கள் எழுந்தன. 1898-இன் சட்டம் சிறை காட்டிய இடத்திலே இது வீடு காட்டியது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973-இல் ஒழிந்தது. ஊனமுற்றோர் என்ற சொல்லுக்கு மாற்றாக மாற்றுத் திறனாளி என்ற சொல்லை அரசு ஏட்டிலே ஏற்றியவரும் கலைஞரே. நாட்டுக்குப் பொதுவான சட்டம் 1995-இலும், அதனினும் விரிவான சட்டம் 2016-இலும் டில்லியிலே வந்தன. பின்னது அரசுப் பணிகளிலே நூற்றுக்கு 4 இடம் என்று வரையறுத்தது. ஊராட்சியிலும் நகராட்சியிலும் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் திருத்தங்களை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. நாற்காலியிலே இருப்பவருக்கு மன்றத்திலேயே ஒரு நாற்காலி!

இவ்வளவும் பெருமைதான். ஆனால் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நம் இயக்கத்தின் படிப்பகங்களும் மன்றங்களும் ஊர்தோறும் இருக்கின்றன. அவற்றிலே எத்தனைக்கு நான்கைந்து படி ஏறாமல் போக முடியும்? மலைக்கோட்டை நிழலிலே நாம் அறிந்த ஒரு படிப்பகத்துக்கு ஆறு படி. ஒரு காலத்திலே சுவரெழுத்து எழுதிய தோழர் ஒருவர், சாரம் சரிந்து விழுந்த பிறகு, வெளியே மரத்தடியிலே மூன்று சக்கர வண்டியை நிறுத்திக்கொண்டு, பத்திரிகையைக் கொண்டுவந்து தரச் சொல்லிப் படிப்பார். அவர் தெருவிலே இருக்கிறார், சமத்துவம் உள்ளே அலமாரியிலே இருக்கிறது என்று நாமே நம்மை நொந்துகொண்டதுண்டு. ஒரு வண்டி செங்கல்லும் இரண்டு மூட்டை சிமெண்டும் போதும். கிளைக் கழகத் தோழர்கள் இதைப் படித்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டால், நாம் எழுதியதற்குப் பயன் கிட்டிவிடும்.

மேரி வர்கீஸ் 1986 டிசம்பர் 17-ஆம் நாள் வேலூரிலே காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார். அந்நாளைய கட்டில் கணக்கின்படி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஓராண்டு. அவர் தொடங்கிய நிலையத்திலே பயிற்சி பெற்றுச் சென்றவர்களை ஆண்டுதோறும் ஒரு விழாவுக்குத் திரும்ப அழைக்கிறார்கள். புண் இருக்கிறதா, சிறுநீரகம் நலமா என்று சோதிக்கிறார்கள். விளையாட்டும் பாட்டும் நடக்கின்றன. மரத்திலிருந்து விழுந்தவர்களும் கிணற்றிலே விழுந்தவர்களும் நாற்காலியிலே நிமிர்ந்து அமர்ந்து, பிழைப்பு எப்படி என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளுகிறார்கள். மாலையிலே ஊர் திரும்ப வேண்டும். பேருந்தின் முதற்படி முழங்கால் உயரம். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். நாற்காலியை மடித்துப் பின்னாலே கட்டுகிறார்கள்.